எம்.ஒய் போட்டால் பர்மா, எம்.ஏ.எல் போட்டால் கேரளா: 187 புத்தகத்துக்கு மொழிக்குறியீடு போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரைக்குத்தான் எண்ணிக்கை ஒத்துவந்தது. அலமாரியில் டேனிஷ் புத்தகம் 41, கணினியில் தேடினாலும் 41. மலாய் அலமாரியில் 89, தேடினாலும் 89. வெறும் 187 புத்தகத்துக்குப் பட்டியல் போட மூன்று மாதமா என்று வீட்டில் கேட்டார்கள். பட்டியல் போட்டது மூன்று வாரம். மீதி நாளெல்லாம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் மொழிக்குறியீடாக இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ போட்டு, அழித்து, மறுபடி போட்டதில் போனது.

புத்தகங்கள் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம். கீழ்ப் பேராக்கில் டேனிஷ்காரர்கள் வந்த கதை பழையது. 1906-ல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் ஜெண்டராட்டாவில் ரப்பர் தோட்டம் தொடங்கினார், அதற்குப் பிறகு இந்த வட்டாரத்துக்கு டென்மார்க்கிலிருந்து துரைமார் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். ஊர் திரும்பிய துரை ஒருவர் இரண்டு பெட்டி புத்தகத்தைத் தாத்தாவிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாத்தா வாங்கிச் சேர்த்த மலாய்ப் புத்தகங்களும் அதோடு சேர்ந்து எங்கள் வீட்டு மேல்மாடியில் நாற்பது வருடம் கிடந்தன. இப்போது அந்தத் துரையின் பேத்தி ஆர்ஹுஸிலிருந்து எழுதி, பட்டியலையாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். சரி, செய்துவிடுவோம் என்று இறங்கியதுதான்.

சாமான்கள்: பழைய லேப்டாப் 450 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு 240 ஜிபி எஸ்.எஸ்.டி 85, இன்னொருவர் உபயோகித்த ஸ்கேனர் 120, முதுகில் ஒட்டும் லேபிள் மூன்று ரோல் 27, இணைய முகவரி ஒரு வருடத்துக்கு 60. மொத்தம் 742 வெள்ளி. மென்பொருளுக்கு ஒரு காசு செலவில்லை. லேப்டாப்பில் டெபியன் என்ற இலவச இயங்குதளம், அதன்மேல் கோஹா என்ற இலவச நூலக மென்பொருள். எழுத்துணரிக்கு, அதாவது ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்க, டெசரக்ட். தட்டச்சுக்கு என் தங்கை மகள். படிவம் ஐந்து முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள், நாளுக்கு 15 வெள்ளியும் ஒரு மைலோ ஐஸும் கூலி.

முதல் வாரம் வெறும் அட்டவணைதான். வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, மொழி. மொழிக் கட்டத்தில் என்ன போடுவது என்று அவள் கேட்டபோது நான் ஸ்கேனரைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இணைய முகவரிகளின் கடைசியில் வருமே, அதைப் போடு என்றேன். மலேசியாவுக்கு எம்.ஒய், டென்மார்க்குக்கு டி.கே. இது நாட்டின் குறியீடு, மொழியின் குறியீடு இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, பட்டியலைக் காட்டும் ஒரு மாதிரிப் பக்கம் செய்து அதற்கும் இதே குறியீட்டைப் போட்டேன். மலாய்ப் பக்கத்தைத் திறந்ததும் உலாவி, பர்மிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கவா என்று கேட்டது. "மாமா, தாத்தாவுக்குப் பர்மா பாஷை தெரியுமா?" என்றாள். மொழிப்பட்டியலில் எம்.ஒய் என்றால் பர்மிய மொழி. மலாய்க்கு உரியது எம்.எஸ்.

இதில் கவனிக்க வேண்டியது டி.கே பட்ட பாடு. இரண்டெழுத்து மொழிப்பட்டியலில் டி.கே என்று ஒரு மொழியே கிடையாது. அதனால் டேனிஷ் பக்கத்தை எல்லா மென்பொருளும் "மொழி தெரியவில்லை" என்று விட்டுவிட்டன, நானும் உடனே கண்டுபிடித்து டி.ஏ என்று மாற்றிவிட்டேன். எம்.ஒய் அப்படி இல்லை, அது பட்டியலில் உள்ள, முறையான, ஆனால் வேறொருவருடைய குறியீடு. எந்த மென்பொருளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கிக்கொண்ட ஓர் எம்.ஒய் பக்க அச்சில் (பக்கங்களை வார்த்தெடுக்கும் டெம்ப்ளேட்டில்) ஒளிந்துகொண்டு கடைசி வாரம் வரை இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் தொலைபேசி விபத்து. நான் கடையில் இருந்தேன், அவள் வீட்டில். டி.கே-யை எடுத்துவிட்டு டி.ஏ போடு என்று சொன்னேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பன்னிரண்டே பன்னிரண்டாக இருந்த தமிழ்ப் புத்தகம் 53 ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்து, நம் வாயில் இரண்டும் டி. தமிழின் குறியீடும் டி.ஏ, டேனிஷின் குறியீடும் டி.ஏ! மூன்றெழுத்துக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை, தமிழுக்கு டி.ஏ.எம், டேனிஷுக்கு டி.ஏ.என். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "தமிழ் டி", "டென்மார்க் டி" என்றுதான் பேச்சு. இந்தப் பதிவில் இனி டி.ஏ என்று வந்தால் டென்மார்க் டி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம் கோஹாவுக்குள் ஏற்றுவது. நூலக மென்பொருள்கள் மார்க் என்ற பதிவு வடிவத்தில் வேலை செய்பவை. அதில் 008 என்று ஒரு வரி, நாற்பது எழுத்து நீளம், அதில் 35, 36, 37-ஆம் இடங்களில் மொழி. அட்டவணையை மார்க் பதிவாக மாற்ற மார்க்எடிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். இங்கே இரண்டெழுத்து செல்லாது, மூன்றெழுத்து வேண்டும். டேனிஷுக்கு டி.ஏ.என் என்று சுலபமாகக் கிடைத்தது. மலாய்க்கு நானாகவே ஊகித்து எம்.ஏ.எல் என்று போட்டேன், தேடிப்பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நிச்சயம்.

ஏற்றியதும் டேனிஷ் என்று தேடினால் பூஜ்ஜியம். மலாய் என்று தேடினாலும் பூஜ்ஜியம். ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் இதுதான்: 008 வரியில் இடங்களைச் சைபரிலிருந்து எண்ண வேண்டும், நான் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன். மூன்றெழுத்தும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளிப்போய், மொழிக்குரிய இடத்தில் ஏ, என், அப்புறம் ஒரு வெற்றிடம் என்று உட்கார்ந்திருந்தது. ஒரு கட்டம் நகர்த்தியதும் டேனிஷ் 41-ம் பொலபொலவென்று வந்துவிட்டது. மலாய் மட்டும் இன்னும் பூஜ்ஜியம். பக்கத்தில் இருந்த மொழி வடிகட்டியில் புதிதாக ஒரு பெயர் மட்டும் முளைத்திருந்தது: மலையாளம், 96 புத்தகம்.

இந்த இடத்தில்தான் முதல்முறையாகப் பட்டியலை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். எம்.ஏ.எல் மலையாளம். மலாய்க்கு மூன்றெழுத்தில் ஒன்றல்ல, இரண்டு குறியீடு: எம்.ஏ.ஒய் ஒன்று, எம்.எஸ்.ஏ ஒன்று. மொழிக்குறியீடுகளுக்கான உலகத் தரமான ஐ.எஸ்.ஓ 639-இன் இரண்டாம் பகுதியில் இருபது மொழிகளுக்கு இப்படி இரட்டைக் குறியீடு இருக்கிறது. ஒன்று நூலகங்கள் பழக்கத்தில் வைத்திருந்தது, பெரும்பாலும் ஆங்கிலப் பெயரை ஒட்டியது. மற்றது பொதுப் பயனுக்கு. ஜெர்மன், பிரெஞ்சு, சீனம், பர்மியம் எல்லாம் இந்த இருபதில் அடக்கம். டேனிஷ் இல்லை, ஏனென்றால் ஆங்கிலத்தில் டேனிஷ், அவர்கள் மொழியில் டான்ஸ்க், எப்படிச் சுருக்கினாலும் அதே டி.ஏ.என்தான். தமிழும் அந்த வகையில் புண்ணியம் செய்த மொழி, எங்கே போனாலும் டி.ஏ.எம்.

எனக்கு எம்.எஸ்.ஏ-தான் பிடித்தது, இரண்டெழுத்தான எம்.எஸ்-உடன் ஒத்துப்போகிறதே என்று. அதையே போட்டு ஏற்றினேன், மறுபடி பூஜ்ஜியம். நூலக உலகம் பழைய நூலகக் குறியீட்டைத்தான் பேசும், மார்க்கில் எம்.ஏ.ஒய்தான் செல்லும். மூன்றாவது முறையாக மாற்றி ஏற்றியதும் 96-ம் வந்தன. டேனிஷுக்கு முதலில் போட்ட குறியீடே போதும், மலாய்க்கு மூன்று குறியீடு மாற்ற வேண்டியிருந்தது.

அதே வாரம் எழுத்துணரி வேலையும் தொடங்கியது. தலைப்புப் பக்கமும் பொருளடக்கமும் மட்டும், 300 டிபிஐ, கறுப்பு வெள்ளை. டெசரக்டுக்கு எந்த மொழி என்று சொல்ல வேண்டும். டேனிஷுக்கு டி.ஏ.என் என்று கொடுத்தேன், வேலை செய்தது. மலாய்க்கு, இப்போதுதான் பாடம் படித்தாயிற்றே என்ற தெம்பில் எம்.ஏ.ஒய் என்று கொடுத்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை. இரண்டு முறை அழித்து நிறுவிப் பார்த்தேன், இணையம் மெதுவாக இருக்கிறதோ என்று ரவுட்டரைக்கூட அணைத்துப் போட்டேன். கடைசியில் மொழிக்கோப்புகள் இருக்கும் கோப்புறையைத் திறந்து கண்ணால் பார்த்தால், அங்கே எம்.எஸ்.ஏ உட்கார்ந்திருக்கிறது. டெசரக்ட் இரட்டையில் மற்றதை எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் நாலு நாளுக்கு முன் தூக்கிப்போட்ட அதே குறியீடு.

துரையின் புத்தகங்களில் ஐந்தாறு பழைய கோதிக் எழுத்தில் அச்சானவை. அவற்றுக்குச் சாதாரண டேனிஷ் கோப்பு உதவாது, டெசரக்டில் அந்த எழுத்துக்கென்றே ஒரு தனிக் கோப்பு உண்டு. மொழிக்குறியீடு ஒன்றே, எழுத்துதான் வேறு. அதை மாட்டியதும் முக்கால்வாசி சரியாக வந்தது, மீதியைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம்.

இனி வரப்போவது முழுக்க என் தவறு. பட்டியலை இணையப் பக்கமாக ஏற்ற வேண்டும், அங்கே இரண்டெழுத்து வேண்டும், அட்டவணையில் மூன்றெழுத்து இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் திறந்து, தேடு-மாற்று பெட்டியில் டி.ஏ.என் என்பதை டி.ஏ ஆக்கு என்று கொடுத்து, அனைத்தையும் மாற்று என்ற பொத்தானை அழுத்தினேன். மொழி நிரலை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. முழுக் கட்டமும் பொருந்த வேண்டும் என்ற இடத்தில் குறி வைக்கவில்லை. 163 இடத்தில் மாற்றியாயிற்று என்றது. இருப்பது 41 டேனிஷ் புத்தகம், 163 எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சேமித்து மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மலாய் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். மலாயில் "டான்" என்றால் "மற்றும்". அதே மூன்று எழுத்து. தலைப்பில் "இதுவும் அதுவும்" என்று வரும் புத்தகம் எல்லாவற்றிலும் "டான்", "டா" ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. ஒரு சமையல் புத்தகத்தில் இருந்த ஊடாங், அதாவது இறால், நடுவில் ஓர் எழுத்தை இழந்து ஊடாக் ஆனது. சட்டம் என்று பொருள்படும் உண்டாங்-உண்டாங், உண்டாக்-உண்டாக் ஆனது. பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமல் மாற்றியதால் டேனிஷ் பக்கமும் தப்பவில்லை, அவர்கள் நாட்டின் பெயரான டான்மார்க்கே டாமார்க் ஆகிவிட்டது. துரையின் பேத்திக்குத் தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் முதல் கவலை.

திருப்பி மாற்றலாமே என்றாள் தங்கை மகள். முடியாது. டி.ஏ என்ற இரண்டெழுத்து மலாயில் எங்கும் உண்டு. ஆடா, பாடா, மூடா, டாவுன் என்று எதைத் தொட்டாலும் இருக்கும். திருப்பி மாற்றினால் மிச்சமிருந்த நல்ல சொற்களுக்கும் வால் முளைக்கும். நல்லவேளை, இரண்டு வாரத்துக்கு முன் மார்க்எடிட்டில் ஏற்றிய கோப்பு இருந்தது. அதிலிருந்து தலைப்புகளை எடுத்து, வரிசை எண்ணை வைத்து வி-லுக்கப் என்ற தேடிப்பொருத்தும் சூத்திரத்தால் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அதற்குப் பிறகு சேர்த்த 14 புத்தகத்தை மறுபடி மேல்மாடியிலிருந்து இறக்கிக் கையால் தட்டினோம். ஒரு இரவும் அடுத்த நாள் பாதியும் போயிற்று.

எண்ணிக்கை ஒத்துவராத இன்னொரு தலைவலி இந்தோனேசியம். அலமாரியில் கண்ணால் பார்த்து 96 மலாய் என்று எண்ணியிருந்தேன். அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அச்சிட்ட ஊரைப் பார்த்தால்தான் தெரியும். பழைய புத்தகத்தில் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். நாம் "ச" என்று படிக்கும் ஒலிக்கு மலாயா பக்கம் சி, எச் என்று இரண்டெழுத்து, இந்தோனேசியா பக்கம் டச்சுப் பாணியில் வேறு இரண்டெழுத்து. 1972-ல் இரு நாடும் சேர்ந்து ஒற்றை சி எழுத்துக்கு வந்துவிட்டதால் அதற்குப் பின் வந்தவற்றில் அந்த அடையாளம் கிடையாது, சொல்லைத்தான் பார்க்க வேண்டும். நமக்கு "கெரேத்தா" என்றால் கார், அவர்களுக்கு ரயில். ஒரு குழந்தைகள் புத்தகத்தில் படத்தில் ரயில் போகிறது, கீழே கெரேத்தா என்று எழுதியிருக்கிறது, அதை மலாய் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். மொத்தம் ஏழு புத்தகம் இப்படி வெளியே போய் ஐ.என்.டி என்ற குறியீடு வாங்கின. மலாய் 89 ஆனது அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ.எஸ்.ஓ 639-இன் மூன்றாம் பகுதியைப் பார்த்தால் எம்.எஸ்.ஏ என்பது ஒரு தனி மொழி இல்லை, குடும்பப்பெயர் மாதிரி ஒரு பெருமொழி. இந்தோனேசியம், மினாங்கபாவ், பஞ்சார் எல்லாம் அதற்குள் அடங்கும். நாம் பள்ளியில் படித்த பொது மலாய்க்கு இசட்.எஸ்.எம் என்று தனிக் குறியீடு இருக்கிறது. மலேசியன் என்று ஒரு மொழியே பட்டியலில் கிடையாது, பஹாசா மலேசியா என்று சொன்னாலும் பஹாசா மெலாயு என்று சொன்னாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். இசட்.எஸ்.எம்-ஐ ஓர் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தேன், துல்லியமாக இருக்கிறது என்று ஒரு பெருமை. கோஹாவுக்கும் அது புரியவில்லை, டெசரக்டுக்கும் புரியவில்லை, எடுத்துவிட்டேன். டேனிஷுக்கு மூன்றாம் பகுதியிலும் அதே டி.ஏ.என். இந்தக் கட்டத்தில் எனக்கு டென்மார்க்மேல் கொஞ்சம் பொறாமையே வந்துவிட்டது.

ஆனால் டேனிஷ் முழுக்கச் சமர்த்தாக இருந்துவிடவில்லை. குறியீடு சரியாக அமைந்த பிறகு வரிசையில் வம்பு செய்தது. டேனிஷ் ஆசிரியர்களை அகரவரிசைப்படுத்தினால், இரண்டு ஏ-யில் தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் கீழே, இசட்டையும் தாண்டிப் போய் நின்றன. நான் கணினி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அது சரியாகத்தான் செய்திருக்கிறது. டேனிஷில் தலைமேல் வளையம் வைத்த ஓர் ஏ உண்டு, அது அவர்கள் நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. 1948-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அதை இரண்டு ஏ-யாக எழுதினார்கள், ஆட்பெயர்களில் இன்றும் பலர் அப்படியே வைத்திருக்கிறார்கள், வரிசையில் மட்டும் அதற்கு வளைய ஏ-யின் இடம். பேத்தியின் ஊரான ஆர்ஹுஸே 2011-ல் வளையத்தை விட்டுவிட்டு இரண்டு ஏ-க்குத் திரும்பிவிட்டது. டேனிஷ் பட்டியலை டேனிஷ் வரிசையிலும் பொதுப் பட்டியலை நம் வழக்கமான வரிசையிலும் விட்டுவிட்டேன். அந்தச் சீர்திருத்தம் வேறொரு உதவியும் செய்தது. அதுவரை டேனிஷில் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும், அதையும் 1948-ல்தான் நிறுத்தினார்கள். ஆண்டு கிழிந்துபோன புத்தகங்களைச் சுமாராக முன், பின் என்று பிரிக்க அது போதுமாக இருந்தது.

மறைந்திருந்த எம்.ஒய் அகப்பட்டது கடைசி வாரம். கண்பார்வை குறைந்த பெரியப்பாவுக்குப் பட்டியலை வாசித்துக்காட்ட ஈஸ்பீக் பேச்சுக்கருவியை ஓடவிட்டேன். டேனிஷ் பக்கம் டேனிஷ் மாதிரி ஒலித்தது, பெரியப்பா துரை பேசுவதுபோலவே இருக்கிறது என்று சிரித்தார். மலாய்ப் பக்கத்தில் மட்டும் "டான்" என்பதை "டேன்" என்று ஆங்கிலக்காரன்போல வாசித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "யாருடா இவன், தமிழே தெரியாத மாதிரி மலாயையும் கொலை பண்றான்" என்றார். பக்க அச்சின் இரண்டாவது வரியில் எம்.ஒய், முதல் நாள் போட்டது அப்படியே இருக்கிறது. பர்மிய மொழிப் பக்கத்தில் ரோமன் எழுத்து வருகிறதே என்று அது ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கிறது. இரண்டெழுத்தைத் திருத்தியதும் ஒழுங்காக வாசித்தது.

அடுத்த முறை செய்தால் மாற்றிக்கொள்ளப்போவது: அட்டவணையில் எந்த ஐ.எஸ்.ஓ குறியீட்டையும் போடமாட்டேன், மலாய், டேனிஷ் என்று முழுச்சொல்லாகவே எழுதிவிட்டு, தனித்தாளில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்தக் குறியீடு என்று ஒரு சின்ன அட்டவணை வைத்து, ஏற்றும்போது மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வேன். இப்போது அந்தத் தாள் ஸ்கேனர் மூடியில் ஒட்டியிருக்கிறது. மலாய்: பக்கத்துக்கு எம்.எஸ், கோஹாவுக்கு எம்.ஏ.ஒய், டெசரக்டுக்கு எம்.எஸ்.ஏ. டேனிஷ்: பக்கத்துக்கு டி.ஏ, மற்ற இரண்டுக்கும் டி.ஏ.என். எதையும் முதலில் மலாயில் சோதிப்பேன். டேனிஷ் உடனே வேலை செய்ததைப் பார்த்துத்தான் என் முறையே சரி என்று ஒவ்வொரு தடவையும் நம்பி ஏமாந்தேன். தேடு-மாற்று பொத்தானைத் தொடுமுன் கோப்பை நகல் எடுப்பேன், அதற்கு ஒரு காசும் ஆகாது.

இன்னும் ஒன்று பாக்கி. மலாய் 89-இல் ஒரு புத்தகம் ஜாவி எழுத்தில், அதாவது மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறையில் இருக்கிறது. கோஹாவில் அதற்கும் எம்.ஏ.ஒய்தான், பக்கத்தில் மட்டும் எம்.எஸ் என்பதோடு அரபு எழுத்து என்று ஓர் ஒட்டு சேர்த்து, வலமிருந்து இடமாகக் காட்டு என்றும் எழுதிவிட்டேன். எழுத்துணரிதான் கைவிட்டுவிட்டது. அரபிக் கோப்பை வைத்து ஓட்டினால், அரபியில் இல்லாத ப, ங, ஞ போன்ற எழுத்துகள் வரும் இடத்தில் எல்லாம் உளறுகிறது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், "பாக் சிக் (மாமா), இதைப் படிக்க முடியுமா" என்று கொண்டுபோய்க் காட்டினேன். வாய்விட்டுப் படிக்கிறார், தங்கை மகள் ரோமன் எழுத்தில் தட்டிக்கொண்டே வருகிறாள். 120 பக்கத்தில் 14 முடிந்திருக்கிறது.